முழங்கால் உறை எதைத் தாங்குகிறது?

ஆடி அமாவாசையை ஒட்டிச் சதுரகிரிக்குச் சென்று, தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் முதலிய இடங்களைக் கடந்து, சுந்தரமகாலிங்கத்தைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்பிய கான்சாபுரத்து மனிதர் ஒருவரை மறுநாட் காலையில் சந்தித்து, பிரயாணம் எப்படி என்று விசாரித்தால், அவர் ஏற்றத்தைப் பற்றி அதிகம் குறை கூறமாட்டார். மூச்சு இரைத்தது, நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்தோம் என்பதோடு அதை முடித்துவிடுவார். “எறக்கந்தாங்க காலக் கொன்னுருச்சு, முட்டி ரெண்டும் வெடவெடன்னு ஆடிப்போச்சு” என்பதே அவருடைய புகாராக இருக்கும். பூமியின் ஈர்ப்பை எதிர்த்து உடலை மேலே தூக்கும்போது நோகாத முழங்கால், அதே ஈர்ப்பு நம்மைத் தானாகவே கீழே இறக்கித் தரும்போது நோவானேன்?

இந்தப் புதிரோடு இன்னொரு சந்தேகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் ‘நீ கேப்’ என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்களே, இழுபடும் துணியாலான அந்தக் குழாய், அதை மூட்டுத் தேய்மானத்தால் வருந்தும் அறுபது வயது அம்மையாரும் அணிகிறார். கபடியில் ஜவ்வு கிழிந்து ஆறு மாதம் ஓய்ந்திருந்த இருபது வயது வாலிபனும் அணிகிறான். இதுவரை ஒன்றும் நேரவில்லை, இனியும் நேராதிருக்கட்டும் என்ற முன்ஜாக்கிரதையால் அவனுடைய தோழனும் அணிகிறான். ஒரே கருவி இம்மூன்று காரியங்களையும் செய்துவிடாது. ஏன் செய்யாது என்பதை அறிந்துகொண்டவருக்கே கடையில் எதைக் கேட்பது என்பது விளங்கும்.

முதலில் மூட்டின்மீது விழும் பளுவைக் கணக்கிடுவோம். உயிருள்ள மனிதனுடைய முழங்காலுக்குள் தராசு வைத்து நிறுக்க முடியுமா என்று கேட்டால், முடியும், செய்தும் இருக்கிறார்கள். பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள், தேய்ந்துபோன மூட்டை மாற்றுவதற்காக வந்த நோயாளிகள் சிலருக்கு, அவர்களுடைய சம்மதத்துடன், விசையை அளக்கும் நுண்கருவிகள் பொதிந்த செயற்கை மூட்டைப் பொருத்தினார்கள். மின்கலம் ஏதுமின்றி, காலைச் சுற்றி வெளியே கட்டிய கம்பிச்சுருளிலிருந்தே மின்சாரம் பெற்று, அந்த மூட்டு ஒவ்வோர் அடிக்கும் தான் படும் பாட்டை வானொலி அலைகளாக அனுப்பியது. ஐந்து பேரிடம் எடுத்த அளவுகள் 2010-இல் வெளியாயின. சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கும், படி ஏறும்போது 3.2 மடங்கும், படி இறங்கும்போது 3.5 மடங்கும் ஒரு முழங்காலில் அமுக்கம் விழுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒவ்வொரு படி இறங்கும்போதும் அவருடைய முழங்கால் 200 கிலோவுக்கு மேல் வாங்கிக்கொள்கிறது. உடலின் எடையோடு, மூட்டை மடங்கிப்போகாமல் பிடிக்கும் தசைகளின் இழுப்பும் சேர்ந்து எலும்பை எலும்போடு நெருக்குவதால் வரும் கணக்கு இது.

ஆயினும், 3.2-க்கும் 3.5-க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரிதன்றே. இறக்கத்தின் துன்பத்துக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மற்றொரு காரணம் தொடையின் முன்பக்கத்துத் தசையில் இருக்கிறது. ஏறும்போது அந்தத் தசை சுருங்கிக்கொண்டே இழுக்கிறது. இறங்கும்போதோ, உடல் சட்டென்று விழுந்துவிடாதபடி, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. முன்னதைக் குறுகுழைப்பு என்றும் பின்னதை நீளுழைப்பு என்றும் நாம் வசதிக்காகப் பெயரிட்டுக்கொள்வோம். 1952-இல் ஆபட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூவர் லண்டனில் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் இணைத்து ஒரு பரிசோதனை செய்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதியைக் காலால் தடுத்து நிறுத்த முயலவேண்டும். இருவருடைய விசையும் சமம். மிதித்தவர் ரிச்சி என்ற ஆண்மகன். தடுத்தவர் பிக்லாண்ட் என்ற, உருவத்தில் அவரைவிடச் சிறிய பெண்மணி. மிதித்தவர் இரைக்க இரைக்கக் களைத்துப்போனார்; தடுத்தவர் சிரமமில்லாமல் உட்கார்ந்திருந்தார். நீளுழைப்புக்குப் பிராணவாயு வெகு குறைவாகவே செலவாகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. மலை இறங்குபவருக்கு மூச்சு வாங்காததன் இரகசியம் இதுவே. ஆனால் நீண்டுகொண்டே இழுக்கும் தசையின் நுண்ணிழைகள் எளிதில் சேதமடைகின்றன. பழக்கமில்லாத கால் அன்று நடுங்குவதும், மறுநாளும் அதற்கு மறுநாளும் நோவதும் அதனால்தான். தசை களைத்துவிட்டால் மூட்டுக்கு அதுவரை இருந்த காவலும் தளர்ந்துவிடுகிறது.

இருநூறு கிலோ அமுக்கத்தை அரை விரற்கடை கனமுள்ள துணி உறை தாங்குமா? ஒரு சிறு பங்கையும் தாங்காது. அந்தக் காரியத்தைச் செய்வது யாத்திரிகரின் கையிலுள்ள கழி. கைக்கோல்களை ஊன்றிச் செங்குத்தான சரிவில் இறங்குவோருடைய முழங்கால் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைவதை ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். எடையைக் கையின் வழியாகத் தரைக்கு மாற்றிவிடுவதால் கழி பயன்படுகிறது. உறையோ காலிலேயே தொடங்கிக் காலிலேயே முடிந்துவிடுகிறது.

அப்படியானால் உறை போட்டவர்கள் “நல்லா இருக்கு” என்று சொல்வதெல்லாம் பிரமையா? அதுவும் இல்லை. உறைத் துணியின் குணத்தை முதலில் பார்ப்போம். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே தறியில் ஓடும் சாதாரணக் கட்டுத்துணி, புண்ணை மூடுவதற்கானது, இழுத்தால் நீளாது. சுளுக்குக்குக் கட்டும் கிரேப் பேண்டேஜோ பாவு நூலுக்கு மிகையான முறுக்கு ஏற்றி நெய்யப்படுவது. அந்த முறுக்கே நூலைச் சுருள வைத்து, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் குணத்தைத் துணிக்கு அளிக்கிறது. ரப்பர் இழையும் நியோப்ரீனும் வந்த பிறகு அதே குணத்தைக் குழாயாகத் தைத்து விற்கிறார்கள். இத்தகைய மெல்லிய, ஓயாத இறுக்கம் செய்யும் முக்கியமான உபகாரம் எலும்புக்கன்று, நரம்புக்கு.

கண்ணை மூடிக்கொண்டாலும் நம் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது. தோலிலும் தசையிலும் மூட்டைச் சூழ்ந்த சவ்விலும் பதிந்துள்ள நுண்ணிய உணர்விகள் இடைவிடாமல் மூளைக்குச் செய்தி அனுப்புவதால் உண்டாகும் இந்த ஞானத்தை நிலையுணர்வு எனலாம். அதைச் சோதிப்பது சுலபம்: கண்ணைக் கட்டி, காலை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மடக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, “முன்பிருந்த இடத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள்” என்று சொல்லி, எத்தனை பாகை பிசகுகிறது என்று பார்ப்பார்கள். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், காயமில்லாத முழங்கால்களில் இழுபடும் கட்டைச் சுற்றியதும் பிசகு குறைந்தது. அதிலும், இயல்பிலேயே இவ்வுணர்வு மந்தமாக இருந்தவர்களுக்கே அதிக நன்மை கிட்டியது. கட்டை அவிழ்த்ததும் அந்த நன்மை மறைந்துவிட்டது. தேய்மானம் உள்ளவருக்கும் காயத்திலிருந்து மீள்பவருக்கும் உறை மாட்டியதும் ஒரு நம்பிக்கை பிறக்கிறதே, அதன் காரணம் பெரும்பகுதி இதுதான். சிறிது வெதுவெதுப்பும், வீக்கத்தை அடக்கும் அமுக்கமும் உபரி லாபம். மெல்லிய உறையிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று.

இனி, கீல் வைத்த கருவிகளுக்கு வருவோம். நம் ஊரில் ‘ஜவ்வு’ என்ற ஒரே பெயரால் வழங்கப்படுபவை உண்மையில் வேறு வேறு உறுப்புக்கள். எலும்பை எலும்போடு கட்டும் நார்களைப் பிணையங்கள் என்போம். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் மெத்தையாகக் கிடக்கும் இரண்டு பிறைவடிவக் குருத்தெலும்புகள் தனி. பிணையங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டின் வெளியிலும், ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச்செல்லும் சிலுவைப் பிணையங்கள் இரண்டு மூட்டின் உள்ளேயும் உள்ளன. உட்பக்கப் பிணையம் கிழிந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின்றியே ஆறிவிடுகிறது. முன்சிலுவைப் பிணையம் அறுந்தால் தானாகக் கூடுவது அரிது. மூட்டுக்கு வெளியே கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து நிற்க, அந்த உறைவின்மீது புதுத் திசு வளர்கிறது. மூட்டுக்குள்ளேயோ, அங்கே எப்போதும் நிறைந்துள்ள வழுவழுப்பான மூட்டுநீர் அந்த இரத்த உறைவைத் தங்கவிடாமல் கரைத்துவிடுகிறது. உட்பக்கப் பிணையக் காயத்துக்கு இருபுறமும் கீலும் பட்டையும் வைத்த கருவியைச் சில வாரங்கள் அணிவிப்பது மெய்யான சிகிச்சை எனத்தகும். கால் மடங்கலாம், நீளலாம், பக்கவாட்டில் மட்டும் பிளக்கக்கூடாது என்ற ஏற்பாட்டில் திசு தன் வேலையைத் தானே முடித்துக்கொள்கிறது.

முன்சிலுவைப் பிணையத்தின் கதை அத்தனை எளிதன்று. இளைஞருடைய பிணையம் அறுவதற்கு ஏறத்தாழ 220 கிலோ இழுப்புத் தேவைப்படுகிறது என்றும், அறுபதைத் தாண்டியவர்களிடம் அது சராசரியாக 67 கிலோ அளவிலேயே அறுந்துவிடுகிறது என்றும், தானமாகக் கிடைத்த உடல்களின் மூட்டுக்களை இயந்திரத்தில் பூட்டி இழுத்துப் பார்த்து 1991-இல் தெரிவித்தார்கள். இத்தகைய விசையை வெளியிலிருந்து தடுக்கவேண்டிய கருவியோ எலும்பைப் பிடிப்பதில்லை. தோலையும் சதையையும் பிடிக்கிறது. சதை குழையும். மேலும், முழங்கால் கதவுக் கீலைப்போல் ஒரே அச்சில் சுழல்வதன்று. உருண்டும் வழுக்கியும், முற்றிலும் நீளும் தறுவாயில் சற்றே முறுக்கிக்கொண்டும் இயங்குவது. தொடையோ மேலே பருத்துக் கீழே சிறுத்தது. இவையனைத்தும் சேர்ந்து, காலையில் சரியாக மாட்டிய கருவியை நாலு தெரு நடப்பதற்குள் கெண்டைக்கு இறக்கிவிடுகின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில், தொண்டர்களுடைய முன்சிலுவைப் பிணையத்தின்மீதே ஒரு நுண்ணளவியைப் பொருத்திப் பார்த்தபோது, விசை சிறிதாயிருக்கையில் கருவி பிணையத்தைக் காத்தது. விசை வளர வளர அந்தக் காப்புத் தேய்ந்தது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புவோர் இதை அணியலாமா என்பதில் சான்றுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. பனிச்சறுக்குத் தலங்களின் ஊழியர்களைக் கவனித்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சை பெற்ற காலில் கருவி அணியாதவர்களுக்கு மறுபடி காயம் நேர்வது 2.7 மடங்கு அதிகமாயிருந்தது. அமெரிக்க இராணுவக் கல்லூரி மாணவர் சுமார் நூறு பேரைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாக்கிய 2004-ஆம் ஆண்டு ஆய்விலோ, இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே இது சிகிச்சை செய்த மருத்துவர் ஆளைப் பார்த்துச் சொல்லவேண்டிய முடிவு. அண்ணன் அணிந்தார் என்று தம்பியும் அணிவது முறையன்று.

காயமே படாதவர் காயத்தைத் தவிர்க்க அணிவது பற்றிய சரித்திரம் இன்னும் சுவையானது. 1970-களின் இறுதியிலிருந்து ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டக்காரர்கள் வெளிப்பக்கத்தில் கீல்வைத்த பட்டையைக் கட்டாயம்போல் அணியத் தொடங்கினார்கள். 1987-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அணிந்தவர்களுக்கே அதிகக் காயம் நேர்ந்திருப்பதாகக் காட்டித் திகைக்கவைத்தது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது: முன்பே நொந்த காலுடையவனும் ஆபத்தான இடத்தில் ஆடுபவனும்தான் பெரும்பாலும் உறையைத் தேடிப்போகிறான், அவனுக்குக் காயம் அதிகமென்றால் பழி உறைக்கா, அவன் நிலைக்கா? இந்த மயக்கத்தைத் தீர்க்கும் ஒரே வழி, யார் அணிவது என்பதை ஆடுபவன் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் 1,396 மாணவர்களிடம் அப்படியே செய்து 1990-இல் முடிவை வெளியிட்டபோது, அணியாதவர்களிடையே முழங்காற் காயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது தெரியவந்தது. இருந்தும், காயங்களின் எண்ணிக்கை குறைந்ததேயன்றிக் கடுமை குறைந்ததாக நிரூபணமாகவில்லை. அந்த ஆட்டத்தில் வெளிப்பக்கத்திலிருந்து மோதும் உடல்களே முக்கிய ஆபத்து என்பதையும் மறக்கலாகாது.

நம் கபடிக்கு இந்த முடிவைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? பாடிச் செல்பவன் ஊன்றிய பாதத்தை விரைவாகத் திருப்பும் கணத்தில், எவரும் தொடாமலேயே சிலுவைப் பிணையம் அறுந்துபோவதுண்டு. அந்த முறுக்கைப் பக்கப்பட்டை தடுக்காது. உலோகச் சட்டம் பிடிக்க வருபவனுடைய பல்லையும் பெயர்க்கும். கபடி இளைஞருக்கு நான் சொல்லக்கூடிய காப்பு வேறு. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் இறங்குதல், ஒற்றைக் காலில் நிலைகொள்ளுதல், தொடையின் பின்தசையை வலுப்படுத்துதல் முதலியவற்றைக் கொண்ட இருபது நிமிடப் பயிற்சியை, நார்வே நாட்டில் 125 கால்பந்துக் கழகங்களைச் சேர்ந்த 1,892 சிறுமிகளிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. செலவு ஒரு ரூபாயும் இல்லை. இல்லாததாலேயே கடைக்காரர் அதைச் சிபாரிசு செய்வதில்லை போலும்!

தசையின் மகிமையை இன்னொரு பரிசோதனையும் காட்டுகிறது. நல்ல முழங்காலுக்குள் வலியில்லாதபடி உப்புநீரைச் செலுத்தினார்கள். 20, 30 மில்லிலிட்டர் புகுந்ததும் தொடையின் உட்பக்கத் தசை சோர்ந்துவிட்டது. மூட்டு வீங்கினால் நரம்பு மண்டலம் அந்தத் தசையைத் தானே அணைத்துவைக்கிறது என்று பொருள். வீக்கத்தோடு மாதக்கணக்கில் உறையை மட்டும் நம்பியிருப்பவருடைய தொடை சூம்பிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த உறையும் உடற்பயிற்சியோடு சேர்ந்தே பயன்தரும்.

தேய்மானத்துக்கு வருவோம். பலருக்கு மூட்டின் உட்பாதியே முதலில் தேய்ந்து, கால் வெளிப்புறமாக வளைந்துவிடுகிறது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கும் தோட்டக்காரர், மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தில்தான் கவைக்கோலை ஊன்றுவார். பளுநீக்கிக் கருவியும் அவ்வாறே, மூட்டின் வெளிப்பக்கத்தில் ஓர் அழுத்தத்தையும், தொடையிலும் கெண்டையிலும் உட்பக்கத்திலிருந்து எதிரழுத்தங்களையும் கொடுத்து, பளுவைத் தேயாத பாதிக்குச் சிறிது தள்ளுகிறது. முன்சொன்ன பெர்லின் செயற்கை மூட்டுக்களில் இதையும் அளந்தார்கள். இறுக்கமாக அமைத்தபோது உட்பாதியின் சுமை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. அணிய வசதியான தளர்ந்த அமைப்பில் மிகச் சிறிதே குறைந்தது. தேய்மானம் இருபாதியிலும் இருந்தாலோ, முழங்காற்சில்லின் அடியில் இருந்தாலோ இக்கருவியால் பிரயோஜனமில்லை. எக்ஸ்-ரே பார்க்காமல் இதை வாங்குவது பணத்தை வீசுவதாகும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ குறைகிறது என்ற 2005-ஆம் ஆண்டுக் கணக்கை, வாங்குவதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

வாலிபால் ஆடுவோருக்குச் சில்லுக்குக் கீழே நோகும். அவர்களுக்கு முழு உறை வேண்டாம், சில்லின் கீழுள்ள தசைநாண்மீது படியும் ஒற்றைப் பட்டையே போதும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவுக் குறிப்பில், சில்லின் நடுவிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே சுற்றளவு எடுக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்விடங்களில் நாடா வைத்து அளந்து வாங்குங்கள். கண்மதிப்பில் ‘மீடியம்’ கேட்கவேண்டாம். வீங்கும் காலாயின் மாலையில் அளப்பது உசிதம். போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பார்த்து, விரல்கள் நீலம் பாய்கின்றனவா, மரத்துப்போகின்றனவா என்று நோக்கவேண்டும். முழங்காலின் வெளிப்பக்கத்தில் சற்றுக் கீழே, சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது; பட்டை அதை நெரித்தால் பாதத்தை மேலே தூக்க முடியாமற் போகலாம். சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்ச்சி மங்கியவர்கள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்கவேண்டும். மருத்துவர் சொன்னாலொழிய இரவில் உறையோடு உறங்கவேண்டாம்.

காயம்பட்டபோது ‘டப்’பென்ற ஓசை கேட்டு இரண்டொரு மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கினால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது, சிலுவைப் பிணையத்தைச் சந்தேகிக்கவேண்டும். நாலு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டால் எலும்பு முறிவைச் சந்தேகித்து எக்ஸ்-ரே எடுக்கவேண்டும். கால் பாதி மடங்கிய நிலையில் நீளாமல் பூட்டிக்கொண்டாலும், நடக்கையில் திடீரென்று மடிந்து விழுத்தாட்டினாலும், கெண்டைச் சதை தனியே வீங்கி வலித்தாலும், உறை வாங்க மருந்துக்கடைக்குப் போகாமல் நேரே அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போங்கள்.